தட்டாமலே அதிர்ந்த டிரம்

ஜப்பான்காரன் ஆட்சியின் கடைசி வருடம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மறுநாள் ஜப்பானிய அதிகாரி முன்னால் எங்கள் பேண்டு வாசிக்க வேண்டும். என் பழைய பித்தளை ஸ்னேர் டிரம்மில், அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிகள் கண்டபடி இரைந்தன. வளைந்திருந்த ஒரு கம்பியை வெட்டி எடுத்துவிட்டுத் திருகை இறுக்கினேன். இரைச்சல் அடங்கியது.

குச்சிகளைக் கீழே வைத்தேன். டிரம் மறுபடி இரைந்தது.

"ஏங்க, யாரும் தட்டலையே, எப்படிச் சத்தம் வருது?" என்றாள் மனைவி.

தோலில் உள்ளங்கையை வைத்தேன். தோல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரனைத் தாக்க வரும் வெள்ளைக்காரனின் குண்டு விமானங்கள்! அவற்றின் அதிர்வு எங்கள் காதுக்கு எட்டும் முன்பே கம்பிக்கு எட்டிவிட்டது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். "மாரியக்கா, பிளேன் வருது! பிள்ளைகளத் தூக்கிட்டு வாங்க!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"வானத்துல ஒண்ணும் காணோமே தம்பி" என்றபடியே அக்கா பிள்ளைகளோடு ஓடி வந்தார். பதுங்குகுழியில் இறங்கியதும் குண்டுகள் விழுந்தன.

ஏறிப் பார்த்தால், அக்காவின் வீடு செங்கல் குவியலாகக் கிடந்தது.

"உனக்கு எப்படித் தம்பி தெரிஞ்சுது?" என்று கேட்டார். "டிரம்தான்க்கா சொல்லுச்சு" என்றேன். கம்பியில்தான் கோளாறு என்று இன்னும் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தால்?