தட்டோரத்துச் சதகுப்பை

சுவீடனில் அவித்த உருளைக்கிழங்கின் மேல் டில் என்றொரு பச்சை இலையைத் தூவிச் சாப்பிடுகிறார்கள். மீனுக்கும் அதுதான், தயிருக்கும் அதுதான். அச்சு அசல் நாட்டு மருந்துக் கடை வாசனை! முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டில் அதை இழை இழையாகப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குவேன். சாப்பாட்டில் மருந்து வாசனை அடித்தால் எந்தக் கடலூர்க்காரி வாயில் வைப்பாள்?

அது 2009. தற்காலிக வேலை, ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தால் நிரந்தரம். எனக்கோ மாதத்தில் ஒரு வாரம் பாழ். மாதவிலக்குக்கு முந்தைய அந்த நாட்களில் மார்பு கனக்கும், வயிறு உப்பும், தலை வெடிக்கும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வரும். அதற்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பொடி தீர்ந்துவிட்டிருந்தது. தாங்க முடியாத அன்று மேலாளர் இங்கர் என்ற பெண்மணிக்குப் போன் போட்டு, "வயிறு சரியில்லை" என்பேன். நம் ஊரில் பெண்கள் அப்படித்தானே சொல்வோம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இங்கே சமையலறை ஆளுக்கு வயிறு சரியில்லை என்றால் தொற்றுநோய்க் கணக்கு. குணமான பிறகும் இரண்டு நாள் உள்ளே விடமாட்டார்கள். அரைநாள் படுத்து எழுந்தால் போதும் என்றிருந்தவளை மாதாமாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் பொடியை எனக்குக் காட்டியவள் ஸ்டெல்லா. 2004இல் சிதம்பரத்தில் படித்தபோது விடுதி அறைத்தோழி, கடலூர் முதுநகர்க்காரி. ஒருநாள் நான் எரிச்சலில் வாளியை எட்டி உதைத்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அந்த வாளி உன்ன என்னாடி பண்ணுச்சு?" என்றாள். சதகுப்பை விதையையும் கருஞ்சீரகத்தையும் வறுத்துப் பொடித்து, பனைவெல்லம் போட்டு, வார்டனுக்குத் தெரியாமல் வைத்திருந்த ஹீட்டரில் கொதிக்க வைத்து நீட்டினாள். "மூக்கப் புடிச்சிக்கினு குடி. அப்பறமா என்ன திட்டு." திட்டினேன். ஆனால் மாதங்கள் போகப் போக உடம்பு லேசானது. பிறகு அம்மா திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கித் தருவார். வாங்கும் விதமே தனி. ஆண்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்று, "அந்தப் பொடி குடுங்க" என்பார். எதற்கென்று அவர் வாய் திறந்ததில்லை.

ஐந்தாம் மாதம் இங்கர் கூப்பிட்டார். "உனக்கு அடிக்கடி தொற்று வருகிறது. இது வயதானவர்களுக்குச் சமைக்கிற இடம். உன்னை வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது."

பக்கத்தில் இரண்டு ஆண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மானம் போனால் போகட்டும், வேலை போகக் கூடாது என்று தெரிந்த ஸ்வீடிஷில் சத்தமாகவே சொன்னேன்: "தொற்று இல்லை. மாதவிலக்குக்கு முன்னால் வருகிற வலி."

பாத்திரம் கழுவியவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கர் சிரித்துவிட்டார். "இதையா மறைத்தாய்? எனக்கும் உண்டு. அந்த வாரம் என் புருஷன் நாயைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி வெளியே போய்விடுவான். சரி, இன்று உட்கார்ந்து செய்கிற வேலையைப் பார்."

வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து உட்கார்ந்தேன். அடியில் தட்டையாகப் பழுப்பு விதைகள். ஒன்றைக் கடித்தேன். அடிப்பாவி, ஸ்டெல்லாவின் கஷாயம்! "இது என்ன?" என்று கத்தினேன். "டில் விதை" என்றார் இங்கர், ஜாடியில் பூச்சி கிடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தபடி. இத்தனை மாதமாக நான் தட்டோரம் தள்ளியது சதகுப்பை இலையை!

கருஞ்சீரகம் துருக்கிக்காரர் கடையில் கிடைத்தது. பனைவெல்லத்துக்குப் பதில் தேன். எல்லா உடம்புக்கும் கேட்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கே தலைவலி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அதன்பின் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. வேலை நிரந்தரமானது. இங்கர் இப்போது என் ஃபிளாஸ்கிலிருந்து கேட்காமலே ஊற்றிக் குடிக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

2011இல் ஊருக்குப் போனபோது அம்மாவோடு அதே கடைக்குப் போனேன். நான்கைந்து ஆண்கள் நின்றார்கள். அம்மா வழக்கம்போல் ஓரம் ஒதுங்கினார். நான் முன்னால் போனேன். "அண்ணே, பீரியட்ஸுக்கு முன்னாடி வர்ற வலிக்கு. சதகுப்பை கால் கிலோ குடுங்க."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். கடைக்காரர் நிமிராமலே, "கருஞ்சீரகமும் சேத்துக்கம்மா" என்று பொட்டலம் மடித்தார். அவ்வளவுதான்.

"இவ்ளோதானா?" என்றார் அம்மா. "இதுக்கா நான் இத்தினி வருஷம் ஓரமா நின்னேன்?"

சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்: திருப்பாதிரிப்புலியூர் மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு, எனக்கு டில் தூவிய அவித்த உருளைக்கிழங்குக்கு நாக்கு ஊறியது.