பற்றையே இல்லாத வெளி

அப்பாவின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். வயது போய்விட்டது, பாவம், விடு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் பொலிவியா வழியாக யார் வருவார்கள்? எண்பதுகளின் கடைசியில் அம்மாவும் நானும் வந்தோம். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்குப் பூகோளம் கிடையாது. எந்த நாட்டு வாசல் திறந்திருக்கிறதோ அதுதான் பாதை. குடும்பமாகப் போனால் சந்தேகம் வராதென்று, முன்பின் தெரியாத ஒருவரை அம்மாவின் கணவராகக் கடவுச்சீட்டில் போட்டான். அதற்குத் தொலைபேசியில் சம்மதம் சொன்னவர் எங்களுக்கு முன்பே லண்டன் வந்து ஸ்ட்ரெதமில் இருந்த என் அப்பாவேதான்.

அந்த மனிதரை நான் மாமா என்றேன். சோதனைச் சாவடி வந்தால் மட்டும் அப்பா. ஆண்டிஸ் மலைக்கு மேலே, மரமே இல்லாத பெருவெளியில் பஸ் பகல் முழுக்க ஓடியது. அந்த உயரத்தில் மூச்சு முட்டியது, தலை இடித்தது. அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. பஸ்ஸை நிறுத்தினார்கள், ஆனால் ஒதுங்க ஒரு பற்றை, ஒரு சின்னப் புதர்கூட இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் அகலப் பாவாடையைப் பரப்பிக் குந்திக்கொண்டார்கள். ஏஜென்சிக்காரன் அம்மாவுக்கு மாட்டிவிட்டிருந்ததோ ஜீன்ஸ். அம்மா அழத் தொடங்கினார். மாமா தன் போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அந்தக் குளிர்காற்றில் அசையாமல் நின்றார்.

லண்டன் விமான நிலையத்தில் அவர் தன் பாட்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே அப்பா என்னை மடியில் தூக்கி வைத்தார்.

“பஸ்ஸிலை அம்மாக்குப் பக்கத்திலை ஆர் ராசா இருந்தது?”

ரோட்டை மறித்து நின்ற, ஒட்டகக் குட்டி மாதிரியான லாமாக்களைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பக்கத்தில் யார், போர்வை எத்தனை, நித்திரையில் யார் தலை எங்கே சாய்ந்தது, இவைதான் அவருக்கு வேண்டியிருந்தன.

நான் போர்வைக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். “மாமா அங்காலை பாத்துக்கொண்டுதான் நிண்டவர்” என்றும் சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை.

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா வந்தார். “அவரை என்ரை மனுசன் எண்டு போட ஓமெண்டது நீங்கள்தானே? இப்ப பிள்ளையிட்டை என்ன விசாரணை?”

அப்பா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சமைத்ததைத் தொடாமல் கடையில் சிப்ஸ் வாங்கித் தின்றார். வெட்கங்கெட்ட வீம்பு.

எனக்கு அப்போது வேறொன்று தோன்றியது. அவ்வளவு பெரிய பஸ் பயணம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று அப்பா கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவரைத் தேற்றுவதற்காக, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவர் மடியில் ஏறி, பஸ்ஸைப் பற்றியும் மாமாவைப் பற்றியும் இன்னும் இன்னும் சொன்னேன்.