நிற்க வைத்து எடுத்த படம்

என் வலது கால் உள்பக்கமாகச் சரிந்துகொண்டு வந்ததை முதலில் கண்டுபிடித்தது என் செருப்புதான். உள் ஓரம் மட்டும் தேய்ந்து தகடாகிக் கிடக்கும். பழவேற்காட்டு ஏலத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் திருப்பாலைவனம் போய், கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்கிறவள் நான். மூன்றாவது தெரு தாண்டுவதற்குள் கணுக்காலின் உள்பக்கம் தீயாய் எரியும். வீட்டில் சொன்னால், "வேலைக்குப் போவாம இருக்க ஒரு சாக்கு" என்பார் என் புருஷன்.

கடைசியில் அவரே ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அக்கறையால் இல்லை, என் வாயை அடைக்கத்தான். எக்ஸ்ரே அறையில் மேசைமேல் ஏறிப் படுக்கச் சொன்னார்கள்.

"படுத்தா வலிக்காது சார். நின்னாத்தான் வலி. கூடய தலையில வெச்சிக்கினு நின்னா இன்னும் நல்லா தெரியும்" என்றேன்.

படம் எடுப்பவர் சிரித்தார். "மீன் கூடயோட எக்ஸ்ரேவா?"

என் புருஷனும் சேர்ந்து சிரித்தார். "சும்மா படு. அவுருக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

படுத்தேன். எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தை அவர் டிவிக்குப் பின்னால் சொருகி வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "பாருங்க, கல்லு மாரி காலு. இவளுக்கு நடக்க முடிலயாம்." என் நாத்தனார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, நான் பொய்க்காரி என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. இரண்டு வருஷம் நொண்டிக்கொண்டே கூடை சுமந்தேன். நிஜமாகவே நடிக்கிறேனோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வந்தது. மற்றதை மன்னித்தாலும், என்னையே நான் நம்பாதபடி செய்ததை மன்னிக்க மாட்டேன்.

பிறகு ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தேன். இறால் எல்லாம் ரோட்டில். இந்த முறை வேறு ஆஸ்பத்திரி, ஒரு பெண் டாக்டர். காலைப் பின்னாலிருந்து பார்த்தவுடனே, "இவங்கள நிக்க வெச்சு எடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஒரு பலகைமேல் முழு பாரத்தையும் ஊன்றி நின்றேன்.

கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டினார். குதிகால் எலும்பின் அடியில் ஒன்று, தரையோடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நல்ல சாய்வு இருக்க வேண்டுமாம். எனக்கு இரண்டும் ஒட்டாத குறை. கணுக்காலிலிருந்து கட்டைவிரல் பக்கம் நேராகப் போக வேண்டிய கோடும் நடுவில் ஒடிந்து கீழே தொங்கியது. என் புருஷன் கையோடு கொண்டுவந்திருந்த பழைய படத்தையும் டாக்டர் வாங்கிப் பார்த்தார்.

"இது படுக்க வெச்சு எடுத்தது. பாரம் இல்லாதப்போ இந்தச் சரிவு தெரியாது. அப்பவே நிக்க வெச்சு அளந்திருந்தா, செருப்புக்குள்ள ஒரு தாங்கல் வெச்சே சமாளிச்சிருக்கலாம். இப்போ மூட்டு இறுகிப் போச்சு, ஆபரேஷன்தான். நின்னாத்தான் வலிக்குதுன்னு நீங்க அங்க சொல்லலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் புருஷன் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன் மேடம். யாரு கேக்கறாங்க?"

"நீங்களாவது கவனிச்சீங்களே" என்றார் டாக்டர்.

புதுப் படத்தை வீட்டில் நானே டிவிக்குப் பின்னால் சொருகினேன். மறுநாள் நாத்தனார் வந்தாள். "இந்தப் படத்தயும் எடுத்து காட்டுய்யா" என்றேன் அவரிடம்.

"அது இன்னாத்துக்கு இப்ப? வந்தவளுக்கு டீ போடு, போ" என்றார்.

அடுப்பு முன்னால் நின்று போட்டேன்.