பரிந்துரைத்தவர் பெயர்

போன வாரம் ஒருவர் வந்தார். பாக்கெட் மாவு விற்கும் கம்பெனியாம். "நீங்க எங்க பார்ட்னரா சேரணும்மா" என்று ஒரு படிவத்தை நீட்டினார். சட்டை மொடமொடவென்று இருந்தது. கஞ்சி வாசனை. எனக்கு ஏழுமலை அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

நெய்வேலியில் நான் மாவு அரைக்க ஆரம்பித்தபோது ஒரு வீடும் தெரியாது. கிரைண்டர் புதுசு. மாவு புளித்தது, வாங்க ஆளில்லை. எங்கள் பிளாக் முனையில், வேப்பமரத்தடியில், அண்ணன் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். சுரங்கத்துக்காரர்கள் யூனிஃபார்ம் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். எந்த வீட்டில் எந்த ஷிஃப்ட் என்று அவருக்குத் தெரியும்.

"மஞ்ச கேட்டு போட்ட வூட்ல இந்த வாரம் காலை ஷிஃப்ட்டு. இருட்டோட தோசை சுடணும். சாயங்காலமே மாவு கொண்டு போ தங்கச்சி."

போனேன். வாங்கினார்கள்.

பூக்காரக் கஸ்தூரி தெருத்தெருவாகப் போகிறவள். புதிதாகக் குடி வந்த வீடு அவள் கண்ணில்தான் முதலில் படும். எங்கள் இருவருக்கும் சொல்வாள். நாங்களும் போகிற வீட்டில் அவள் பூவைச் சொல்வோம். மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. எப்படிச் சேர்ந்தோம் என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கெடுத்தவள் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை மாவோடு பூவும் எடுத்துப் போனேன். கூடையில் இடம் இருந்தது. என் மூளை அவ்வளவுதான். நன்றாக விற்றது. அடுத்த வெள்ளியும் போனேன். அதன் பிறகு புது வீடு எதுவும் என் காதுக்கு வரவில்லை. மாவு மறுபடி புளித்தது.

வண்டியருகே கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, நாளைக்கி இஸ்திரிப் பொட்டியும் தூக்கிகினு கெளம்புவியா?"

அண்ணன் தலை நிமிரவில்லை. "எம் பொட்டி கனம். அவ தூக்க மாட்டா."

பூ கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நடந்தேன். "இனிமே பூ கஸ்தூரிகிட்ட வாங்குங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

நாலு நாள் கழித்து அவள் என் வாசலில் நின்றாள். "கோயிலாண்ட புதுசா குடி வந்துருக்காங்க. ரெண்டு வேளையும் தோசைதானாம். போ."

வருஷங்கள் போயின. கஸ்தூரி மகளோடு வெளியூர் போய்விட்டாள். அண்ணன் இறந்துவிட்டார். வேப்பமரம் ஒரு புயலில் சாய்ந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. பரிந்துரைத்தவர் பெயர், செல் நம்பர். எழுத்துக் கூட்டி ஏழுமலை என்று எழுதினேன்.

"நம்பர்ம்மா?"

"நம்பர் கெடையாது. வேப்பமரத்தடின்னு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார்.