நிழலில் பத்து நிமிடம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஊரடங்கு தளர்ந்து, எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியைத் திரும்பத் திறக்கச் சொன்னார்கள். கொரோனாவுக்கான ஆயத்தங்களைச் செய்ய ஒரு குழு அமைந்தது. நான் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நன்றாகப் பட்டியல் போடுவேன் என்று என்னையும் சேர்த்தார்கள்.
2. இருபத்து மூன்று அம்சங்களில் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன்.
3. குழு அதில் ஒரு வரியை வெட்டியது.
4. வாசலில் நின்று, கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நெற்றிக்கு நீட்டி, வருபவர்களின் வெப்பநிலையை அளக்கும் வேலை எனக்கு வந்தது.
5. மூன்றாம் நாள் காலை, எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும், நாங்கள் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் பெண்ணுக்கு 38.1 பாகை செல்சியஸ் காட்டியது. பதிவேட்டில் எழுதினேன்.
6. காய்ச்சல் காட்டினால் தனிமைப்படுத்தல் என்ற சட்டப்படி ராத்தா பதினான்கு நாள் வீட்டில் இருந்தார். காய்ச்சல் வரவில்லை.
7. திரும்பி வந்தபோது அவருடைய தும்புத்தடி வேறொருவர் கையில் இருந்தது.

வெட்டப்பட்ட வரி இதுதான்: "வெயிலில் நடந்து வந்தவர்களை நிழலில் பத்து நிமிடம் இருத்திய பின்னரே அளக்க வேண்டும்." அந்தக் கருவி நெற்றித் தோலின் சூட்டைத்தான் பார்க்கிறது. திட்டம் எழுதும்போதே என்னில் சோதித்திருந்தேன். பிரதான வீதிவரை நடந்துவிட்டு வந்ததும் 37.9. வேப்பமரத்தின் கீழ் பத்து நிமிடம் இருந்த பிறகு 36.5.

குழுத் தலைவருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. "போதனாசிரியர்மார மரத்துக்குக் கீழ இருத்தி வெச்சா பஸ்ஸுக்கு நிக்கிற ஆக்கள் மாதிரி இரிக்கும், மிஸ். வெட்டுங்க."

அடிமட்டம் வைத்து நேராக வெட்டினேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. குளிரூட்டிய காரில் வந்து கண்ணாடியை இறக்கியவர்களுக்கு 34.2, 34.4 என்று காட்டியது. உடம்பு உண்மையிலேயே அவ்வளவு குளிர்ந்திருந்தால் கார் ஓட்டி வந்திருக்க மாட்டார்கள். அதையும் எழுதினேன். அந்த எண்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

ராத்தா மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து, பிரதான வீதியில் இறங்கி, மரமில்லாத அந்தக் கடற்கரை ஒழுங்கையில் நடந்து வருவார். மூன்று வருடமாக அமைய ஊழியர், நாட்சம்பளம்தான். நிரந்தர நியமனத்துக்கான பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் இருந்தது. சேவையில் இடைவெளி இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. "நிரந்தரமானா இந்தத் தும்புத்தடியப் புடிச்சிக்கிட்டே பென்சன் மட்டும் போயிருவன் புள்ள" என்று என் மேசைக்குக் கீழே கூட்டியபடி சொல்லிச் சிரிப்பார்.

அன்று கச்சான் காற்று அனலாக வீசியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், கருவியைக் கண்டதும் இரண்டு கையையும் உயர்த்தினார். "சண்டைக் காலத்திலயும் என்ட நெத்தியில ஒருத்தனும் துவக்கு நீட்டல்ல. நீங்க நீட்டுறீங்களே!"

பின்னால் தலைவரின் கார் வந்து நின்றது. "எவ்வளவு காட்டுது?" என்று உள்ளேயிருந்து கேட்டார். சொன்னேன்.

"எழுதுங்க."

"எனக்குக் காச்சலெண்டா எனக்குத் தெரியாதா?" என்றார் ராத்தா. "வெயிலுக்க நடந்து வந்தா நெத்தி ரொட்டிச் சட்டி மாதிரிச் சுடும்தான். அந்த மரத்தடியில கொஞ்சம் நிண்டுட்டு வாறன், திரும்பப் பாருங்க."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்றார் தலைவர். கண்ணாடி மேலே ஏறியது. அவருக்கு 35.6.

ராத்தாவை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "பீ.சீ.ஆர். எடுத்து இல்லையெண்டு வந்தா ரெண்டு மூணு நாளில வேலைக்கு வந்துரலாம் ராத்தா" என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. "பிழையா வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான் அங்கேயே மவுத்தாப் போனா? எரிச்சிப் போடுவாங்க புள்ள. வேல போனாப் போகட்டும்."

அப்போது எங்கள் நாட்டில், அரசாங்க உத்தரவுப்படி, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தார்கள், அடக்க விடவில்லை. எங்கள் ஊர்களில் இருமலைக்கூட மறைத்தோம். என் வீட்டில் உம்மா தலைமாட்டில் வெந்நீர்ப் போத்தல் வைத்துக்கொண்டு, அயல்வீட்டுக்குக் கேட்காமல் இருமினார். இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் நான் ஒன்பதாம் அம்சத்தை எழுதியிருந்தேன்: "அறிகுறி உள்ளவர்கள் உடனே அறிவிக்கவும்." அறிவிப்பவருக்கு என்ன நடக்கும் என்று இருபத்து மூன்றில் எங்கும் எழுதவில்லை.

பதினைந்தாம் நாள் ராத்தா வந்தார். சேவை முறிந்துவிட்டது, பட்டியலில் பெயர் இல்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் தலைவரிடம் போனேன். அந்த அளவீட்டை நம்ப முடியாது என்று ஒரு கடிதம் போதும் என்றேன்.

"பதிவேட்டில இரிக்கிறது ஒங்கட கையெழுத்துத்தானே, மிஸ்? பிழையா அளந்த எண்டு நீங்களே எழுதித் தாங்களன், அனுப்புவம்" என்றார். பிறகு, மெதுவாக: "ஒங்கட தகுதிகாண் காலம் எப்ப முடியுது?"

ஐந்து மாதம் இருந்தது. நான் எழுதவில்லை.

வெளியே ராத்தா காத்திருந்தார். "என்னவாம்?" என்று கேட்டார். "பாக்கிறாங்களாம்" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "ஓம், ஓம். பாப்பாங்க" என்று சொல்லி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அண்மையில் வேறொரு காய்ச்சலுக்காகத் திட்டத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். ஒருவரும் வெட்டவில்லை, ஒருவரும் வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதைய நிலை: அன்று ஆயத்தம் செய்த தனிமைப்படுத்தல் அறையில் ஒரு நோயாளியும் படுக்கவில்லை, உடைந்த கதிரைகளை அடுக்கியிருக்கிறார்கள். கருவியின் பற்றரி கசிந்துவிட்டது. பதிவேடு என் அலுமாரியில் இருக்கிறது. ராத்தா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். நான் நிரந்தரமாகிவிட்டேன்.