பெண் பார்க்க வந்த அன்று சிதறிய கேலக்ஸி

அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்க வந்த மதியம், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களை அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த அமைதியே சின்னப் பிள்ளையான எனக்குப் பண்டிகைபோல இருந்தது. அத்தை வடக்கே எங்கோ தங்கி விண்மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பா தலையாட்டியிருந்தார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் அவர்களுடையது. மாப்பிள்ளையின் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே, "அப்படி என்னதான் படிக்கறே கண்ணு?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

அத்தை அதை நிஜக் கேள்வியாக எடுத்துக்கொண்டாள். பட்டுப்புடவையோடு ஓடிப்போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திரையில் கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய பிரம்மாண்டமான கேலக்ஸி ஒன்று மெல்லச் சுழன்றது. அதை நோக்கி, பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டி கேலக்ஸி வந்தது.

"பெருசு இதை இழுக்குதுங்க. கிட்டக்க இருக்கற பக்கத்தை ஜாஸ்தியா, அந்தப் பக்கத்தைக் கம்மியா. சின்னது தாங்காதுங்க."

உருண்டை நீண்டது. சில விண்மீன்கள் முன்னால் ஓடின, சில பின்தங்கின. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் உருண்டையே இல்லை. பெரியதை வளைத்து ஓடும் மெல்லிய ஒளியாறு மட்டும் இருந்தது. தரகர்கூட மிக்சரை மெல்ல மறந்திருந்தார். அந்தச் சின்னது காணாமல் போனதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

"அப்ப அந்தச் சின்னது அழிஞ்சே போச்சா?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க. கோடிக்கணக்கான வருஷமா அந்த நட்சத்திரமெல்லாம் ஓடிட்டேதான் இருக்குது. நம்ம பால்வெளியைச் சுத்தியும் இப்படி ஆறுக இருக்குதுங்க. வேகத்தையும் வெளிச்சத்தையும் வெச்சு, எது எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறதுதான் என்னோட வேலை."

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு மறுபடியும். மாப்பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா அப்பாவிடம், "இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. எங்க ஊட்டுல இதுக்கெல்லாம் எடமில்லீங்க. பொண்ணைப் படிக்க வுடுங்க," என்றார்.

அப்பாவின் முகம் கறுத்தது. என் அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். அத்தை மட்டும் வாசலுக்கு ஓடி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

என் அத்தையை வேண்டாமென்று சொன்னவர்மேல் எனக்கு வந்த கோபம் பல வருடங்கள் தீரவில்லை. அப்படிச் சொன்னவரின் கையை, கார் கிளம்பும்வரை அத்தை ஏன் விடவே இல்லை என்பதும் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.