பதினான்கு கை குதிரை

என் உயரம் நூற்று ஐம்பத்தேழு செண்டிமீட்டர். ஆரணியில் பட்டுத்தறி போட்டிருக்கும் எங்கள் வீட்டில் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எனக்கு நிச்சயமான பெண் என்னைவிட உயரம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரையில வரணும்ங்க."

நாய் குரைத்தாலே எதிர்ச் சாரிக்குப் போகிறவன் நான். ஆனாலும் தலையாட்டிவிட்டேன். குதிரை மேல் இருக்கும் வரையாவது ஊர் கண்ணுக்கு நான்தான் உயரம் என்ற அல்ப ஆசை.

வந்தவாசிப் பக்கத்துக் குதிரைக்காரரிடம் உயரம் எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "14.2 ஹேண்ட்ஸ்" என்று பதில் வந்தது. கையால் அளப்பதென்றால் சாண்தானே? மேஜை மேல் ஏறிச் சுவரில் சாண் சாணாக அளந்துகொண்டே போனேன். பதினான்காவது சாண் ஃபேன் இறக்கைக்கும் மேலே போய் நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன்.

"கல்யாணத்த வச்சிகினு செவுத்துல இன்னாடா பண்ற?" என்றார் உள்ளே வந்த அண்ணன்.

குதிரைக்காரருக்கே போன் போட்டேன். "சாண் இல்லீங்க. கைன்னா உள்ளங்கை அகலம், நாலு இஞ்ச்" என்றார். உயிர் திரும்பியது. ஒரு கைக்குப் பத்து புள்ளி ஒன்று ஆறு செண்டிமீட்டர். செல்போனில் 14.2-ஆல் பெருக்கினேன், நூற்று நாற்பத்து நான்கு வந்தது. எங்கள் மதில்சுவர் கிட்டத்தட்ட அதே உயரம். ஆசாரியிடம் சொல்லி அதற்குத் தோதாக ஒரு ஸ்டூல் செய்து, மதில் மேல் தலையணையைப் போட்டு, ஏறி இறங்கிப் பழகினேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டே பார்த்தார். அதுதான் கூடுதல் அவமானம்.

அழைப்பன்று கோவில் வாசலில் ஸ்டூல் மேல் நின்று காலை வீசினேன். கால் தாண்டவில்லை. குதிரையின் முதுகைக் கட்டிக்கொண்டு தொங்கினேன்.

"புள்ளிக்கு அப்புறம் வர்றது இஞ்ச்சுங்க. பதினாலு கை, ரெண்டு இஞ்ச்!" என்று கத்தினார் குதிரைக்காரர்.

ஐந்தரை மீட்டர் புடவையை 5.5 என்றே எழுதிப் பழகிய எனக்கு இது எப்படித் தெரியும்? அப்படியானால் குதிரை நூற்று நாற்பத்தேழு. ஒல்லியான ஜரிகை பார்டர் அளவு, மூன்றே செண்டிமீட்டரில் என் மானம் போனது. அண்ணன் பின்னாலிருந்து தள்ளி மேலே ஏற்றிவிட்டார்.

மண்டபத்து வாசலில்தான் தெரிந்தது, ஸ்டூலைக் கோவிலிலேயே விட்டுவிட்டோம். ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருக்க, நான் மேலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளே வந்தாள்.

"ஜல்தியா எறங்குங்க. கைய குடுங்க."

அவள் தோளைப் பிடித்துச் சறுக்கி இறங்கினேன். பக்கத்தில் நின்றதும் பழையபடி குள்ளமானேன். வெட்கத்தில் வாய் உளறியது: "மூணு செண்டிமீட்டர் கணக்குத் தப்பாயிடுச்சு."

"நான் உங்களவிட எவ்ளோ ஒசரம்னும் கணக்குப் போட்டுகினு இருந்தீங்களா?" என்றாள் சிரித்துக்கொண்டே.

அதைத்தான் முதலில் போட்டிருந்தேன்.

"ஒரு கை" என்றேன்.

அவளுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. கையைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, என் கையைக் கெட்டியாகப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.